எம்புயி என்றால் கபாங்காவும்

மார்ச் 13, வியாழன்

இன்று ஒரே ஒரு தலைதான் பின்னக் கிடைத்தது. அதுவும் பாதியில் எழுந்து போகப் பார்த்தது. மத்தேத்தேயிலிருந்து வந்த பெண். தலையை என் முழங்கால்களுக்கு நடுவே கொடுத்துவிட்டு வாயை மட்டும் மூடவில்லை.

"நீதானே ரேடியோல வரிசை சொல்றவ? சவப்பெட்டிக்காரன எதுக்கு மொதல்ல போட்ட? அவன் பெட்டியத் தொறந்து எழுந்திரிக்கிறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுது."

"ஊரே எழுந்து நிக்குதேக்கா."

"பயத்துல நிக்குது. பிடிச்சுப்போயா நிக்குது?"

ஒரு பின்னலைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது மனசில் மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வரை அதையே மென்றுகொண்டிருந்தேன்.

ஞாயிறு குஸ்தியில் யார் ஜெயிப்பது என்பது குஸ்திச் சங்கத்து பிரெசிடென்ட் லுபுலுவாபோ வீட்டுக் கொல்லையில், பனங்கள்ளைச் சுற்றி உட்கார்ந்து முடிவாகிறது. எங்கள் மசினாவில் இது தெரியாதவர் இல்லை. ஆனால் யாருக்காக ஊர் எழுந்து நிற்கும் என்பதை அந்தக் கொல்லையில் முடிவு செய்ய முடியாது. என் வரிசை அதற்குத்தான். பெல்ட்டை வைத்திருக்கும் மோபெபேயை எதிர்க்கத் தகுதியானவர்கள் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை மேடையோரம் நின்று, மோதுகிறவர்களைவிடப் பார்க்கிறவர்களைத்தான் அதிகம் கவனிப்பேன். வெள்ளிக்கிழமை மாலை வானொலியில் படிப்பேன். காசு கொடுத்து வாங்க முடியாத வரிசை என்று பெயர் எடுத்திருக்கிறேன்.

இப்போதைக்கு: முதலிடம் சந்தூக்கு, அதாவது அந்தச் சவப்பெட்டிக்காரன். இரண்டாம் இடத்தில் சமமாக எம்புயியும் கபாங்காவும். நான்காவது, முதலை என்று பெயர் வைத்துக்கொண்டவன். ஐந்தாவது, அங்கி போட்டுக்கொண்டு வந்து எதிரிக்குப் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு அடிக்கிற பாதிரி.

எம்புயியும் கபாங்காவும் என் அண்ணன்கள். இரட்டையர். பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள், ஒருவன் பனைமரம், இன்னொருவன் உரல். எங்கள் லுபா ஜனங்களுக்கு இரட்டைப் பிள்ளை என்றால் ஒருவனுக்குக் கொடுத்ததை மற்றவனுக்கும் கொடுத்தாக வேண்டும். ஒருவன் பெயரைச் சொன்னால் அதே மூச்சில் மற்றவன் பெயரும் வந்தாக வேண்டும். விட்டுப்போனால் விடுபட்டவன் படுக்கையில் விழுவான், அவன் கோபம் வீட்டையே படுக்க வைக்கும். அதனால் சமம். ஒரு வாரம் எம்புயி பெயர் முன்னால், மறுவாரம் கபாங்கா பெயர் முன்னால்.

இரட்டையருக்கு அடுத்துப் பிறந்ததால் நான் கன்கு. யோசித்து வைத்த பெயர் இல்லை, வரிசையில் வந்த பெயர்.

மார்ச் 14, வெள்ளி

படித்தேன். மாற்றம் எதுவும் இல்லை. இந்த வாரம் எம்புயி பெயர் முன்னால். மத்தேத்தேக்காரி கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பாள்.

மார்ச் 16, ஞாயிறு

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மோதலுக்கு முன் ஊர்வலம். முன்னால் பித்தளை வாத்தியக்காரர்கள், பின்னால் கைவண்டியில் சவப்பெட்டி, பெட்டிக்குள் சந்தூக்கு. காலை மழையில் சாலை குழம்பாகக் கிடந்தது. வாய்க்கால் திருப்பத்தில் வண்டிச் சக்கரம் இறங்கி, பெட்டி வழுக்கி, தலைகீழாக வாய்க்காலுக்குள் போனது. உள்ளே "கால்! அய்யோ என் கால்!" என்று கத்துகிறான். கூட்டம் கைதட்டுகிறது. இன்று புதிதாக ஏதோ செய்கிறான் என்று வாத்தியக்காரர்கள் இன்னும் பலமாக ஊதினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் ஊதுவது நின்றது.

முழங்காலுக்குக் கீழே முறிவு. மழைக்காலம் முடிகிறவரை நடக்க மாட்டான்.

அப்படியென்றால் முதலிடம் காலி. காலியான இடத்துக்கு யார் வருவார்கள் என்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. என் அண்ணன்கள் இரண்டு பேரும்.

மார்ச் 17, திங்கள்

பிரெசிடென்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டு நாற்காலியை எல்லோரும் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

"ஈஸ்டர் அன்னிக்கு பெல்ட் மோதல். மோபெபே தயார். எதிர்ல யாருங்கறத உன் வரிசை சொல்லணும். வரிசைல மொதல்ல யாரோ அவன்தான்."

"ரெண்டு பேரும் சமம், பிரெசிடென்ட். ரெண்டு பேரும் மொதல்ல வருவாங்க."

"ஒரு பெல்ட்ட ரெண்டு இடுப்புல கட்ட முடியுமா, மகளே? அடுப்புன்னா மூணு கல்லு வேணும். இது பெல்ட்டு."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் மோதி..." என்று ஆரம்பித்து நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரட்டையர் ஒருவர்மேல் ஒருவர் கை ஓங்குவதா! அம்மா காதில் விழுந்திருந்தால் சந்தையில் விற்கிற உப்புமீன் கூடையைத் தூக்கி என் தலையில் கவிழ்த்திருப்பாள்.

அவரும் லுபாதான், அவருக்குத் தெரியாதா? தலையைச் சொறிந்தார். "அதனாலதான் உங்கிட்ட வந்தேன். நான் சொன்னா உங்கம்மா என்னைச் சபிப்பா. நீ சொன்னா வரிசைதானே சொல்லுதுன்னு போயிடும்."

போயிடுமாம்! கெட்டிக்காரர்.

மார்ச் 19, புதன்

அம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். சந்தையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெல்ட் மோதலுக்கு ரெண்டு பேர்ல ஒருத்தன்தான் போக முடியுமாம், அம்மா."

"அப்ப ரெண்டு பேரும் போக வேணாம்."

"அம்மா, இந்த வரிசைய மூணு வருஷமா..."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா பால் குடுத்தேன். ஒருத்தன் அழுதா இன்னொருத்தனையும் எழுப்பிக் குடுத்தேன். நீ இன்னிக்கு மைக்குல உக்காந்து பிரிக்கப் போறியா?"

நான் அழுதபோது யாரை எழுப்பினாய் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. சந்தையில் ஒரே துணியில் இரண்டு சட்டைக்கு அளவெடுப்பாள், மீந்த துணியில் எனக்கு ஏதாவது ஒன்று. என் அளவை யாரும் எடுத்ததில்லை, மீந்ததுதான் என் அளவு. ஊர்கூட அவளை முவாம்புயி என்றுதான் கூப்பிடுகிறது, எம்புயியின் தாய், அதாவது இரட்டையரைப் பெற்றவள். கன்குவின் தாய் என்று ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முப்பத்தியொரு வயதில் இதையெல்லாம் எழுதுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் எங்காவது போகத் தோன்றுகிறது. ஒரு பெண்ணுக்குப் பின்னலை வலமும் இடமுமாக மாற்றிப் போட்டு, திரும்ப அவிழ்த்தேன்.

சரி, யாருக்கும் சொல்ல வேண்டாம், இங்கே மட்டும் சொல்லிப் பார்க்கிறேன். அண்ணன்கள் என்பதை மறந்துவிட்டு, மேடையோரம் நின்று பார்த்தவளாக.

எம்புயி உயரம். கூட்டம் முதலில் அவனைத்தான் பார்க்கும். ஆனால் ஒரு வருஷமாக இடது கையை மேலே தூக்குவதில்லை. முதலை அவனைத் தூக்கி எறிந்தபோது விழுந்துவிட்டு எழுவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடினான். நான் பார்த்தேன். கபாங்கா குட்டை, ஆனால் மேடையில் ஏறினால் உட்கார்ந்திருக்கிற கிழவிகள்கூடக் குச்சியை ஊன்றி எழுந்துவிடுகிறார்கள். ஆனாலும் அவன் முழுசாக ஆடுவதில்லை. ஜெயிக்க வேண்டிய நாளில்கூடச் சீக்கிரமாக முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிடுகிறான். ஏன்?

கபாங்கா முதல். எம்புயி... எம்புயி ஐந்திலேயே இல்லை.

எழுதிவிட்டேன். நாளை படிக்கப் போவது இதில்லை. நாளை இருவரும் முதல், சமமாக.

மார்ச் 21, வெள்ளி

கரண்ட்! இந்தப் பாழாய்ப்போன கரண்ட்!

ஐந்திலிருந்து மேலே ஏறிப் படித்துக்கொண்டே வந்தேன். பாதிரி, முதலை, மூன்றாவது இடத்துக்குப் புதிதாக வந்த கூனன். பிறகு "முதலிடத்தில், சமமாக" என்று சொல்லியிருக்க வேண்டும். 'சமமாக'வைப் பெயர்களுக்குப் பின்னால் வைப்பது என் வழக்கம். பாழாய்ப்போன வழக்கம். இந்த வாரம் கபாங்கா முறை. "முதலிடத்தில் கபாங்கா" என்றேன். மூச்சு வாங்கினேன். ஒலிபரப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது.

மக்கியேசே, எங்கள் டெக்னீஷியன், ஜெனரேட்டரை உதைத்தார், திட்டினார். டீசல் இல்லை, மத்தியானப் பிரசங்கத்துக்கே எரித்துவிட்டார்களாம். இருட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு "எம்புயி, எம்புயி, எம்புயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யார் கேட்டார்கள்?

"விடு கன்கு," என்றார் மக்கியேசே. "ஊருக்கு ஒரு பேரு போதும்."

அவர் கோங்கோ ஜனம். அவர்களுக்கும் இரட்டைப் பிள்ளை வழக்கம் உண்டே! ஆனால் வாத்தியச் சத்தம் அதற்குள் தெருவில் கேட்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மார்ச் 22, சனி

வாத்தியக்காரர்கள் நேற்றே கபாங்காவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். இன்று காலை சுவரில் நோட்டீஸ். மோபெபே ஒரு பக்கம், கபாங்கா இன்னொரு பக்கம். இவ்வளவு வேகமாக அச்சடிக்கிற அச்சகம் மசினாவில் இருப்பது எனக்குத் தெரியாது. பிரெசிடென்ட் முன்கூட்டியே இரண்டு விதமாகவும் அடித்து வைத்திருப்பார்.

அம்மா என்னோடு பேசவில்லை. எம்புயி வழக்கம்போல் "காபி இருக்கா கன்கு?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளி திருத்திவிடலாம். கரண்ட் போய்விட்டது, மன்னியுங்கள், எம்புயியும் கபாங்காவும் என்று சொன்னால் முடிந்தது. ஒரே வரி.

பிறகு ஏன் அந்த வரி வாயில் வர மாட்டேன் என்கிறது?

மார்ச் 23, ஞாயிறு

கபாங்கா மேடைக்கு வரவில்லை. கூட்டம் அவன் பெயரைக் கத்திவிட்டுக் கலைந்தது.

மார்ச் 25, செவ்வாய்

எம்புயிக்குக் காய்ச்சல். பல் கிடுகிடுக்கிறது.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்து மலேரியா என்றார்கள். மசினாவில் யாருக்குத்தான் மலேரியா வரவில்லை! மாத்திரை கொடுத்தார்கள். அம்மா மாத்திரையை வாங்கிக்கொண்டாள், ஆனால் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"கொசுதாம்மா கடிச்சுது," என்றேன்.

"கொசு ஊர்ல எல்லாரையும்தான் கடிக்குது. இந்த வாரம் இவனை மட்டும் எதுக்குப் படுக்கப் போட்டுச்சு?"

எனக்கே பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை. மலேரியா என்று தெரியும். பயமும் இருக்கிறது. இரண்டும் ஒரே தலைக்குள்ளே உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்கின்றன.

மார்ச் 26, புதன்

கபாங்காவோடு சண்டை. தெருவே கேட்டது.

"நீ வேணும்னேதான் நிறுத்தின!"

"கரண்ட் போச்சுண்ணே!"

"கரண்ட் உனக்காகப் போச்சா? மனசுக்குள்ள என்னையத்தான் மொதல்ல வச்சிருந்த. சொல்லு, இல்லைன்னு சொல்லு பாப்போம்."

முந்தின நாளே எழுதி வைத்தவள் எப்படிச் சொல்வது?

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். குரல் இறங்கிவிட்டது. "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நான் எப்பிடி ஆடுறேன்னு தெரியுமா உனக்கு? பாதிதான் ஆடுவேன். கூட்டம் ரொம்பக் கத்த ஆரம்பிச்சா முடிச்சிட்டு எறங்கிடுவேன். நான் ஏறினா அவன் எறங்குவான். அதான் கட்டிப்போட்டு வச்சிருந்தேன் என்னைய. நீ வந்து அவுத்துவிட்டுட்ட."

வாங்க முடியாத வரிசையாம்! நான் அளந்துகொண்டிருந்தது பாதி கபாங்காவை. முழுசை நான் பார்த்ததே இல்லை. கோபமாக வருகிறது எனக்கு, யார் மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்று எம்புயிக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள்.

"நாளைக்குத் திருத்திடுறேண்ணே," என்றேன். "ரெண்டு பேரும்னு சொல்லிடுறேன். நல்லாயிடும்."

"எது நல்லாயிடும்?"

"நீ."

கஞ்சியை வைத்துவிட்டுச் சட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். இடது தோளில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒருநாள்கூட நான் பார்க்கவில்லை.

"போன வருஷம் மழைக்கு முன்னாடி எறங்கினது," என்றான். "நானே உள்ள தள்ளிப் போட்டுக்குவேன். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நீ ரேடியோல இரண்டாம் இடம்னு சொல்லுவ. இரண்டாம் இடத்துக்காரனுக்கு பிரெசிடென்ட் யாரை எதிர்ல போடுவாரு? முதலையைப் போடுவாரு. சந்தூக்கைப் போடுவாரு. அஞ்சாம் இடம்னு ஒரு நாள் சொல்லிடு கன்குன்னு உங்கிட்ட வந்து நிக்கலாம்னு பாப்பேன். அம்மா மூஞ்சி ஞாபகம் வரும். போயி அடி வாங்கிட்டு வருவேன்."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"நீ சமமா வைக்கறதுக்கு எவ்வளவு பாடுபட்டன்னு எனக்குத் தெரியாதா?"

அழுதுவிட்டேன். அவன் நல்ல கையால் என் தலையைத் தட்டினான். "அன்னிக்கு விளக்கு அணைஞ்சுதுல்ல? தெருவே கபாங்கா கபாங்கான்னு கத்துது. நான் கொல்லைல உக்காந்து சிரிச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு. நாலு நாள் கழிச்சுப் பாத்தா காய்ச்சல். கொசுவுக்கு நேரம் காலமே தெரியல."

சமமாக வைத்தேன் வைத்தேன் என்று, அவனைத் தூக்கித் தூக்கி எறியக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

படித்துவிட்டேன்.

டீசலை நானே வாங்கிக்கொண்டு போனேன். மக்கியேசே சிரித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாவது, பாதிரி. நான்காவது, கட்டுப்போட்ட காலோடு சந்தூக்கு, கால் சேரும்வரை மரியாதைக்காக. மூன்றாவது, கூனன். இரண்டாவது, முதலை. முதலாவது கபாங்கா. மூச்சு வாங்கினேன். விளக்கு சிவப்பாகவே இருந்தது. "கரண்ட் போகவில்லை" என்றேன். "இதுதான் என் வரிசை. என் அண்ணன் எம்புயி வரிசையில் இல்லை. அவர் தோள் இறங்கியிருக்கிறது. அவர் இனி மோத மாட்டார். அவரைக் கேட்டுத்தான் சொல்கிறேன்."

ஒரே மூச்சில் இரண்டு பேரையும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரையும் சொன்னேன்.

வெளியே வந்து நேராக வீட்டுக்கு நடந்தேன். வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். வழியை விட்டு விலகினாள், அவ்வளவுதான். அவள் இடுப்பில் பக்கத்து வீட்டு ரேடியோ, இன்னும் பாடிக்கொண்டு.

மார்ச் 29, சனி

அம்மா எம்புயியின் சட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள். பிறகு எலும்பு கட்டுகிறவரைக் கூப்பிட அவளே செருப்பில்லாமல் ஓடினாள்.

ஏப்ரல் 9, புதன்

புதுத் தலைவலி. மோபெபே மாட்டேன் என்கிறான்!

பிரெசிடென்ட் நாற்காலியைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார். "பயப்படறான். இரட்டைப் பிறவில ஒருத்தன் மட்டும் மேடைக்கு வர்றான், இன்னொருத்தன் வீட்டுல கோவமா படுத்திருக்கான், அந்தக் கோவம் எவன் மேல எறங்கும்னு கேக்கறான். என் பொடி, என் காத்து எதுவும் அதுக்கு முன்னாடி நிக்காதுங்கறான்."

மோபெபே என்றால் காற்று. வாயில் பொடி வைத்து ஊதினால் முதல் மூன்று வரிசைகள் நாற்காலியோடு ஓடும். அவன் பயப்படுகிறான், கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருக்கிற என் அண்ணனுக்கு!

எம்புயிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கட்டுப்போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சொல்லுங்க பிரெசிடென்ட், நான் வந்து எல்லார் முன்னாடியும் இவனுக்கு வெள்ளை மண்ணு பூசி, கோவமில்லன்னு காட்டறேன்னு. ஒரு நாற்காலி வேணும். முன் வரிசைல. கைப்பிடி வச்சது."

கபாங்கா மூலையில் நின்றிருந்தான். இரண்டு வாரமாக அவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது வந்து எம்புயியின் பக்கத்தில், கட்டிலில் உட்கார்ந்தான்.

"நெசமாத்தானா?"

"முழுசா ஆடு. பாதி ஆடினா எழுந்து போயிடுவேன், நாற்காலியையும் எடுத்துட்டு."

ஏப்ரல் 12, சனி

அம்மா தினமும் சந்தையிலிருந்து தாமதமாக வருகிறாள். கேட்டால் "வேலை" என்கிறாள். உப்புமீனில் என்ன வேலை?

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

பள்ளிக்கூட மைதானத்தில் மரத்தின் மேலும் சுவரின் மேலும் ஜனம்.

எம்புயி மேடையேறினான், கழுத்தில் கட்டிய துணியில் கை. கிண்ணத்திலிருந்த வெள்ளை மண்ணைத் தொட்டு கபாங்காவின் நெற்றியிலும் இரண்டு கையிலும் பூசினான். கபாங்கா அதே விரலைப் பிடித்து எம்புயி நெற்றியில் பூசினான். சமமாக. அம்மா மேடைக்குக் கீழே இரட்டைப் பிள்ளைப் பாட்டை எடுத்தாள், பெண்களெல்லாம் சேர்ந்துகொண்டார்கள், அந்தப் பாட்டின் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, அவ்வளவு பச்சை, வழக்கம் அப்படி. மோபெபே அதைக் கேட்ட பிறகுதான் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தான்.

எம்புயி கைப்பிடி நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான். "மொதல் தடவையா உக்காந்து பாக்கறேன் கன்கு. குஸ்தி நல்லா இருக்கும் போலிருக்கே!"

கபாங்கா முழுசாக ஆடினான். அதை நான் என்னவென்று எழுதுவது? மோபெபேயைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடையை ஒரு சுற்று நடந்தான், இறக்கிவிட்டு, மறுபடியும் தூக்கினான். கிழவிகள் எழுந்தார்கள். பள்ளிக்கூடச் சுவர்மேல் இருந்தவர்கள் எழுந்தார்கள், ஒருவர் விழுந்தார், விழுந்தவரும் எழுந்தார். பாதி அளவுகோலால் இவனை அளந்தேனே மூன்று வருஷம்! அழுதேன், வெட்கமில்லாமல்.

பிறகு மோபெபே பொடியை ஊதினான். கபாங்கா தள்ளாடினான், முழங்காலிட்டான், தூங்குகிறவன் மாதிரிப் பக்கவாட்டில் சாய்ந்தான். மூன்று தட்டு. பெல்ட் மோபெபேயிடமே இருக்கிறது.

கொல்லையில் முடிவானது. எனக்குத் தெரியும், கபாங்காவுக்கும் முன்பே தெரிந்திருக்கும். நான் கேட்பதில்லை. ஆனால் மோபெபே பெல்ட்டைத் தூக்கிக் காட்டியபோது ஊர் எழவில்லை. கபாங்கா கண்ணைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் எழுந்தது.

அம்மா மட்டும் பிரெசிடென்டைப் பார்த்துத் தரையில் துப்பினாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கபாங்கா நாள் முழுக்கத் தூங்கினான். எழுந்து எம்புயியின் கஞ்சியையும் குடித்துவிட்டான். எம்புயி கத்தினான். வீடு பழையபடி சத்தமாக இருக்கிறது.

எம்புயிக்கு மினிபஸ்ஸில் ஆள் கூப்பிடுகிற வேலை கிடைக்கும்போல. தோள் வேண்டாம், தொண்டை போதும்.

எனக்கு மட்டும் இன்னும் உட்கார முடியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன?

ஏப்ரல் 25, வெள்ளி

வானொலிக்குக் கிளம்பும்போது அம்மா கூப்பிட்டாள். மேசைமேல் ஒரு துணி மூட்டை. அண்ணன்கள் இருவரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள், ஏதோ தப்புச் செய்தவர்கள் மாதிரி.

அவிழ்த்தாள். பெல்ட்கள். பனையெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி, பின்னால் டயர் ரப்பர் வைத்துத் தைத்தவை. டின்னில் இருந்த பனங்குலைப் படம் நடுவில் அப்படியே இருக்கிறது. சந்தையில் அவள் கடைக்குப் பக்கத்தில் தகரம் தட்டுகிறவரிடம் செய்யச் சொல்லியிருக்கிறாள், மோதலுக்கு முன்பே.

"பெரிய பெல்ட் வந்தாலும் ஒருத்தனுக்குத்தான் வரும்," என்றாள். "வந்தாலும் வராட்டாலும் வீட்டுல சரியா இருக்கணும்னு அப்பவே சொல்லிவச்சேன். இந்தா எம்புயி. இந்தா கபாங்கா."

இருவரும் கட்டிக்கொண்டு மார்பைத் தட்டினார்கள். எம்புயி ஒரு கையால் தட்டினான். மேசையில் இன்னொன்று மிச்சமிருந்தது.

"இது யாருக்கும்மா?"

"யாருக்குன்னா?" என் பக்கம் திரும்பாமல் மூட்டைத் துணியை மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள். "தகரக்காரன் அளவு கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல. வீட்டுக்கு வந்து உன்னை நிறுத்தி அளவெடுக்கவும் கூச்சமா இருந்துச்சு, இத்தனை வருஷம் கழிச்சு. எம்புயி அளவுலயே வெட்டச் சொல்லிட்டேன்."

கபாங்காதான் எடுத்து என் இடுப்பில் சுற்றினான். ஒன்றரைச் சுற்று வந்தது. எம்புயி ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டான். "அளவு சரிதாம்மா," என்றான், "ஓட்டைதான் தப்பான எடத்துல இருந்துச்சு."

அப்படியே வானொலிக்குப் போனேன். மக்கியேசே மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். வரிசை: ஐந்து பாதிரி, நான்கு சந்தூக்கு, மூன்று கூனன், இரண்டு முதலை, முதலிடத்தில் கபாங்கா, தோற்ற பிறகும். கரண்ட் போகவில்லை.

உட்காரும்போது தகரம் விலாவில் குத்துகிறது. இன்னும் கழற்றவில்லை.